வெளியூரில் லேப்டாப்புக்கு நெட்: ஹாட்ஸ்பாட்டா, கேபிளா, ப்ளூடூத்தா?

ஊருக்குப் போகும்போது ஆபீஸ் லேப்டாப்பையும் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்கள் இப்போது ஏராளம். திண்ணையிலோ ரயில் பெட்டியிலோ ஆஸ்பத்திரி வராந்தாவிலோ உட்கார்ந்து ஒரு மீட்டிங்கை முடித்தாக வேண்டியிருக்கிறது. நெட்டுக்குக் கையில் இருப்பது போன் ஒன்றுதான். அந்த நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்க மூன்று வழிகள் உண்டு: வைஃபை ஹாட்ஸ்பாட், யூஎஸ்பி டெதரிங், ப்ளூடூத் டெதரிங். பலரும் முதல் வழியைத் தவிர மற்ற இரண்டையும் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். அது சொதப்பும் நாளில் டவரைத் திட்டிவிட்டு லேப்டாப்பை மூடி வைத்துவிடுவார்கள்.

மூன்றில் எது வேகமானது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெட் இரண்டு தாவலில் லேப்டாப்புக்கு வருகிறது. டவரிலிருந்து போனுக்கு ஒரு தாவல், போனிலிருந்து லேப்டாப்புக்கு இன்னொரு தாவல். வெளியூரில் காலை வாருவது பெரும்பாலும் முதல் தாவல்தான். போனுக்கே 6 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 6 மெகாபிட்) வேகம் வருகிற இடத்தில் எவ்வளவு நல்ல கேபிளைச் செருகினாலும் லேப்டாப்புக்கு 6தான் வரும். ஆகவே போனை எங்கே வைக்க முடிகிறது, கரண்ட் எங்கே கிடைக்கிறது என்ற இரண்டையும் பார்த்துவிட்டு வழியைத் தேர்ந்தெடுப்பதே சரி. வேகக் கணக்கு அதற்குப் பிறகு வருவது.

எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் ஃபாஸ்ட் டாட் காம் தளத்தைத் திறந்து வேகத்தைப் பாருங்கள். பிறகு ஹாட்ஸ்பாட்டில் சேர்த்த லேப்டாப்பில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் குறை டவர்ப் பக்கம். வழியை மாற்றிப் பயனில்லை, போனின் இடத்தை மாற்றுங்கள். போனில் 40 வந்து லேப்டாப்பில் 5 வந்தால் மட்டுமே நடுவிலிருக்கும் இணைப்பைச் சந்தேகப்பட வேண்டும்.

போனின் இடம்

திரையின் மேலே தெரியும் சிக்னல் கோடுகளை நம்பி இடம் தேட முடியாது. எந்த அளவுக்கு எத்தனை கோடு என்பதைப் போனுக்குப் போன் வேறு மாதிரி காட்டுகிறார்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் அபவுட் போன் பகுதியில் சிம் ஸ்டேட்டஸ் என்று இருக்கும். அதைத் திறந்தால் சிக்னல் பலம் டிபிஎம் கணக்கில் எண்ணாகத் தெரியும். மைனஸ் எண் என்பதால் பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. 4ஜியில் மைனஸ் 90க்கு மேல் இருந்தால் கவலை இல்லை. மைனஸ் 105 அளவில் வேலை ஓடும், வீடியோ அவ்வப்போது உறையும். மைனஸ் 115க்குக் கீழே போய்விட்டால் அந்த இடத்தில் மீட்டிங் வேண்டாம்.

அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே அறைக்குள் நடந்து பாருங்கள். நடு அறையிலிருந்து ஜன்னல் விளிம்புக்குப் போனாலே 10 டிபிஎம் வரை ஏறக்கூடும். 10 டிபிஎம் என்றால் பத்து மடங்கு பலம். கான்கிரீட் தளம் போட்ட கீழ்வீட்டைவிட மொட்டைமாடி நல்லது. தகரக் கூரை அலைகளை அப்படியே திருப்பிவிடும். ரயிலில் ஏசி பெட்டி முழுவதும் உலோகம். ஜன்னல் கண்ணாடியை ஒட்டிப் போனை வைப்பதற்கும் பெர்த்தின் நடுவில் வைப்பதற்கும் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். கொல்லிமலை போன்ற ஊர்களில் ஒரு வளைவில் முழுச் சிக்னல், அடுத்த வளைவில் ஒன்றுமே இல்லை. அங்கெல்லாம் வீட்டின் ஒரே ஒரு மூலையில்தான் நெட் வரும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அந்த மூலைக்குப் போவதைவிடப் போனை அங்கே விட்டுவிட்டு வருவது எளிது. வைஃபை ஹாட்ஸ்பாட்டின் உண்மையான பலம் இதுதான். போன் ஜன்னலில் இருக்கலாம், நீங்கள் பத்து அடி தள்ளி மேசையில் இருக்கலாம். ஒரு மீட்டர் கேபிளில் அது முடியாது.

5ஜி விஷயத்தில் ஒரு சங்கடம் உண்டு. இந்தியாவில் 2022 அக்டோபர் 1இல் 5ஜி தொடங்கியது. நகரங்களில் நன்றாகவே கிடைக்கிறது. ஓரத்துச் சிக்னலில்தான் பிரச்சினை. போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் நடுவே மாறி மாறித் தாவும், ஒவ்வொரு தாவலிலும் மீட்டிங் ஓரிரு வினாடி விக்கும். அப்போது செட்டிங்ஸில் ப்ரிஃபர்டு நெட்வொர்க் டைப்பை 4ஜிக்கு மாற்றிவிட்டால் வேகம் குறைந்தாலும் ஓட்டம் சீராகும். ஐபோனில் இது செல்லுலார் பகுதியில் வாய்ஸ் அண்ட் டேட்டா என்ற பெயரில் இருக்கும். எல்டிஇ (4ஜியின் இன்னொரு பெயர்) என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்கு ஒரு விலை இருக்கிறது. 5ஜி வரம்பில்லாமல் கிடைக்கும் பேக்குகளில் அந்தச் சலுகை 5ஜியில் இருக்கும் வரைதான். 4ஜிக்கு இறங்கிய நொடியிலிருந்து தினசரி 2 ஜிபி கணக்கில் கழியத் தொடங்கிவிடும். மீட்டிங் முடிந்ததும் மறக்காமல் திரும்ப 5ஜிக்கு மாற்றிவிடுங்கள்.

வைஃபை ஹாட்ஸ்பாட்

பேரைத் தட்டி, பாஸ்வேர்டு கொடுத்தால் முடிந்தது. எந்த லேப்டாப்பும் சேரும், டிரைவர் மென்பொருள் தேவையில்லை, கேபிள் தேவையில்லை. அவசரத்துக்கு இதைவிட எளிய வழி கிடையாது. ஆண்ட்ராய்டில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் பகுதியில் ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங், சாம்சங்கில் கனெக்‌ஷன்ஸ் பகுதியில் மொபைல் ஹாட்ஸ்பாட், ஐபோனில் பர்சனல் ஹாட்ஸ்பாட்.

இதில் முடிவு செய்ய வேண்டியது அலைவரிசை. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டிப் போகும், பழைய லேப்டாப்புக்கும் தெரியும். ஆனால் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள், ப்ளூடூத் இயர்போன், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே பாதையில்தான் நெருக்கியடித்துப் போகின்றன. அதில் ஒரே ஆன்டெனாவோடு பேசும்போது இணைப்பு வேகம் பெரும்பாலும் 72 எம்பிபிஎஸ் என்று காட்டும்; கைக்குக் கிடைப்பது அதில் பாதிதான். 5 ஜிகாஹெர்ட்ஸில் அதே ஒற்றை ஆன்டெனா 433 எம்பிபிஎஸ் வரை தொடும். தூரம் குறைவு, சுவரைத் தாண்டத் திணறும். ஒரே அறையில் இருக்கும்போதும், ரயில் நிலையம், காபி கடை போன்ற கூட்ட இடங்களிலும் 5 ஜிகாஹெர்ட்ஸ்தான் சரி. போன் வேறு அறை ஜன்னலில் இருந்தால் 2.4.

லேப்டாப்பில் ஹாட்ஸ்பாட்டின் பெயரே தெரியவில்லை என்றால் முதல் சந்தேகம் இதுதான்: லேப்டாப் 2.4 மட்டும் தெரிந்த பழைய மாடல், போன் 5இல் பரப்பிக்கொண்டிருக்கிறது. ஐபோன் 12 முதல் வந்த மாடல்களில் மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி என்றொரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் 2.4க்கு வந்துவிடும். ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் அமைப்பிலேயே பேண்ட் என்ற தேர்வு இருக்கும். பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டும் சரி, ஆனாலும் சேர மறுக்கிறது என்றால் பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ3 என்று மட்டும் இருக்கலாம். டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் சேர்ந்த தேர்வுக்கு மாற்றுங்கள். பாஸ்வேர்டு இல்லாத திறந்த ஹாட்ஸ்பாட்டை மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள். ரயிலில் அது அரை மணியில் உங்கள் பேக்கைக் காலி செய்துவிடும்.

சில வேளை ஹாட்ஸ்பாட்டைப் போடவே முடியாது. ஆண்ட்ராய்டில் டேட்டா சேவர் ஆன் ஆகியிருந்தால் டெதரிங் தடைப்படும். அதை அணைத்துவிட்டு மறுபடி போட வேண்டும். இன்னொரு தொல்லை, தானாக அணைந்துபோவது. லேப்டாப்பை மூடிவிட்டு டீ குடித்து வருவதற்குள் போன் ஹாட்ஸ்பாட்டை நிறுத்தியிருக்கும். யாரும் சேராமல் இருந்தால் சிறிது நேரத்தில் நின்றுவிடும்படி பெரும்பாலான போன்களில் வைத்திருக்கிறார்கள். ஆண்ட்ராய்டில் அந்த அமைப்பை அணைக்கலாம். ஐபோனில் பர்சனல் ஹாட்ஸ்பாட் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு லேப்டாப்பில் தேடினால் சிக்கிக்கொள்ளும்.

ஹாட்ஸ்பாட்டின் பலவீனம் பேட்டரியும் சூடும். வைஃபையில் சேர்ந்திருக்கும் சாதாரணப் போன் இடையிடையே தூங்கலாம். ஹாட்ஸ்பாட் பரப்பும் போன் தூங்க முடியாது. வினாடிக்குப் பத்து முறை 'நான் இங்கே இருக்கிறேன்' என்று அறிவித்துக்கொண்டே இருக்க வேண்டும், கூடவே டவரோடும் பேச வேண்டும். டவர் தூரமாக இருந்தால் ஒலிபரப்பும் பலத்தைக் கூட்டிக்கொள்ளும். சூடு இன்னும் ஏறும். ஐபோனைச் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை உள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். மே மாத வேலூரில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். காரின் டேஷ்போர்டில் வெயில் படப் போனை வைத்து, ஃபாஸ்ட் சார்ஜரும் செருகி, 5ஜியில் ஹாட்ஸ்பாட்டும் போட்டால் மூன்று சூடும் சேர்ந்து போன் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், சார்ஜ் ஏறுவதை நிறுத்தும், கடைசியில் ஹாட்ஸ்பாட்டையே அணைக்கும். கவரைக் கழற்றுங்கள், வெயிலிலிருந்து நகர்த்துங்கள், ஃபாஸ்ட் சார்ஜரை விட்டுப் பவர்பேங்க்கின் சாதாரணத் துளையில் செருகுங்கள்.

லேப்டாப்போடு வெளி ஹார்ட் டிஸ்க் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று. யூஎஸ்பி 3.0 கருவிகளும் அவற்றின் கேபிள்களும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்பும். 2012இல் இன்டெல் நிறுவனமே இதை அளந்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஹார்ட் டிஸ்க் ஓடும்போது மட்டும் ஹாட்ஸ்பாட் மந்தமானால் டிஸ்க்கை லேப்டாப்பின் மறுபக்கம் தள்ளி வையுங்கள், அல்லது 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்.

யூஎஸ்பி டெதரிங்

கேபிள் கைவசம் இருந்து, போனும் லேப்டாப்பும் ஒரே மேசையில் இருக்கப் போகின்றன என்றால் எங்கள் தேர்வு இதுதான். வைஃபை நெரிசல் இதைத் தொடாது. விட்டு விட்டு வரும் தாமதம் இருக்காது. மீட்டிங்கில் குரல் கரகரப்பது பெரும்பாலும் அந்தத் தாமதத்தால்தான். யாரும் நடுவில் நுழைய முடியாது. போனும் சார்ஜ் ஆகிக்கொண்டே இருக்கும். பல போன்களில் டைப்-சி துளை இருந்தாலும் உள்ளே இருப்பது யூஎஸ்பி 2.0தான். அதன் உச்சம் 480 எம்பிபிஎஸ், நடைமுறையில் 250, 300 வரும். வெளியூர் 4ஜிக்கு இதுவே தாராளம்.

செய்முறையில் வரிசை முக்கியம். முதலில் கேபிளைச் செருகி, போனின் பூட்டைத் திறக்க வேண்டும். பிறகுதான் டெதரிங் பக்கத்தில் யூஎஸ்பி டெதரிங் சுவிட்ச் உயிர்பெறும். கேபிள் இல்லாதபோது அது சாம்பல் நிறத்தில் செத்துக்கிடக்கும். போட்ட சில வினாடிகளில் விண்டோஸ் அதை ஈதர்நெட் இணைப்பாகக் காட்டும். லினக்ஸில் தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். புதிதாக லினக்ஸ் ஏற்றிய லேப்டாப்பில் வைஃபை டிரைவர் இல்லாமல் தவிக்கும்போது பலரைக் காப்பாற்றுவது இந்த வழிதான். ஆண்ட்ராய்டு போன் தான் சேர்ந்திருக்கும் வைஃபையையும் கேபிள் வழியே கொடுக்கும் என்பது பலருக்குத் தெரியாது. லேப்டாப்பின் வைஃபை கெட்டுப்போனால் போனையே அதற்கு வைஃபை அட்டையாக வைத்துக்கொள்ளலாம். அப்போது மொபைல் டேட்டா செலவாகாது.

கேபிள் செருகியும் சுவிட்ச் சாம்பல் நிறத்திலேயே இருக்கிறதா? பத்தில் எட்டு முறை குற்றவாளி கேபிள்தான். இயர்பட், டேபிள் ஃபேன், எல்இடி விளக்கோடு வரும் கேபிள்கள் பலவற்றில் சார்ஜுக்கான இரண்டு கம்பிகள் மட்டுமே இருக்கும், டேட்டா கம்பி இருக்காது. போன் சார்ஜ் ஆகிறதே என்று அதை நம்பிவிடக் கூடாது. அந்தக் கேபிளில் போட்டோ காப்பி செய்ய முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் டெதரிங்கும் நடக்காது. இருபுறமும் டைப்-சி உள்ள கேபிளில் வேறொரு குழப்பம் வரும். யார் தலைவர் என்று போனும் லேப்டாப்பும் பேசி முடிவு செய்வதில் சில நேரம் போன் தலைமையை எடுத்துக்கொள்ளும், டெதரிங் மறைந்துபோகும். அறிவிப்புப் பட்டியில் வரும் யூஎஸ்பி அறிவிப்பைத் தட்டி, கட்டுப்பாட்டை இணைக்கப்பட்ட சாதனத்துக்கு மாற்றினால் சரியாகும்.

டெதரிங் ஆன் ஆகியும் விண்டோஸில் நெட் வராவிட்டால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் பட்டியலில் ரிமோட் என்டிஸ் என்று தொடங்கும் பெயர் இருக்கிறதா பாருங்கள். மஞ்சள் முக்கோணத்தோடு இருந்தால் அப்டேட் டிரைவர், கணினியில் தேடு, பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்று போய், மைக்ரோசாஃப்ட் தலைப்பின் கீழ் ரிமோட் என்டிஸ் கம்பாட்டிபிள் டிவைஸ் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐபோனுக்கு விண்டோஸில் ஆப்பிள் டிவைசஸ் ஆப்போ ஐட்யூன்ஸோ முன்கூட்டியே நிறுவியிருக்க வேண்டும். டிரைவர் அதோடுதான் வரும். நெட் வேண்டி அதை நிறுவ நெட்டைத் தேடும் நிலைமை பயணத்தின் நடுவில் வரக் கூடாது. கேபிளைச் செருகியதும் போன் திரையில் இந்தக் கணினியை நம்பலாமா என்ற கேள்வி வரும். அதற்கு டிரஸ்ட் சொல்லாமல் எதுவும் நகராது.

மேக்புக்கும் ஆண்ட்ராய்டும் வைத்திருப்பவர்களுக்குக் கேபிள் வழி பெரும்பாலும் அடைபட்டது. ஆண்ட்ராய்டு போன்கள் வெகுகாலம் நம்பியிருந்த ஆர்என்டிஸ் (மேலே சொன்ன ரிமோட் என்டிஸ்) முறையை மேக் ஏற்றுக்கொள்வதில்லை. அவர்கள் ஹாட்ஸ்பாட்டிலேயே இருந்துவிடலாம். மேக்கும் ஐபோனும் என்றால் கேபிளில் எந்தச் சிக்கலும் இல்லை. கம்பெனி லேப்டாப் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சில நிறுவனங்கள் யூஎஸ்பி துளையில் எதைச் செருகினாலும் ஏற்காதபடி பூட்டி வைத்திருப்பார்கள். அதை உடைக்க முயல வேண்டாம்.

கேபிள் கொஞ்சம் ஆடினாலே டெதரிங் அணைந்துவிடும், மறுபடி கையால் போட வேண்டும். பஸ்ஸிலும் ரயிலிலும் இது பெரிய எரிச்சல். ஆண்ட்ராய்டில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, டீஃபால்ட் யூஎஸ்பி கான்ஃபிகரேஷனில் யூஎஸ்பி டெதரிங் என்று வைத்துவிட்டால் செருகியதும் தானாக ஆன் ஆகும். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்திருந்தால் சில வங்கி ஆப்கள் திறக்க மறுக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் இல்லாத இடத்தில் கேபிள் லேப்டாப்பின் சார்ஜைத் தின்னும். இதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய யூஎஸ்பி 2.0 துளை 2.5 வாட் வரை கொடுக்கும், யூஎஸ்பி 3.0 துளை 4.5 வாட் வரை கொடுக்கும். 41 வாட்-மணி பேட்டரி உள்ள லேப்டாப்பிலிருந்து மூன்று மணி நேரம் 4.5 வாட் போனால் 13.5 வாட்-மணி, பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு போனுக்கே போய்விடும். போனை முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு அதன் பிறகு செருகினால் இந்த இழப்பு வெகுவாகக் குறையும். கையில் 10,000 எம்ஏஎச் பவர்பேங்க் இருந்தால் கணக்கு மாறும். போனைப் பவர்பேங்க்கில் செருகி வைஃபை ஹாட்ஸ்பாட் போடுங்கள், லேப்டாப்பின் பேட்டரி லேப்டாப்புக்கே இருக்கட்டும்.

ப்ளூடூத்

வேகம் 1 முதல் 2 எம்பிபிஎஸ். 10 எம்பி கோப்பு ஒன்றை அனுப்ப 40 முதல் 80 வினாடி வரை ஆகும். வீடியோ மீட்டிங் இதில் நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் இதைத் தள்ளிவிட வேண்டாம். மூன்றில் போன் பேட்டரியை மிகக் குறைவாக எடுப்பது இதுதான். போன் பைக்குள்ளேயே கிடக்கலாம், சூடாகாது. மெயில் பார்ப்பது, சாட், கோப்பைத் திருத்திச் சேமிப்பது, டெர்மினலில் சர்வர் வேலை பார்ப்பது ஆகியவற்றுக்குப் பகல் முழுக்கத் தாக்குப்பிடிக்கும். மெதுவாக இருப்பதிலும் ஒரு லாபம் உண்டு. லேப்டாப் உங்களுக்குத் தெரியாமல் பெரிய அப்டேட் எதையும் இழுத்துப் பேக்கைக் காலி செய்துவிடாது.

போனில் ப்ளூடூத் டெதரிங்கை ஆன் செய்து, லேப்டாப்போடு ஜோடி சேர்த்த (பேரிங்) பிறகு விண்டோஸில் ஒரு படி கூடுதலாக இருக்கிறது. ஜோடி சேர்ந்ததோடு நெட் வந்துவிடாது. டிவைசஸ் அண்ட் பிரின்டர்ஸ் பக்கத்தில் போனின் படத்தை ரைட் கிளிக் செய்து, கனெக்ட் யூஸிங், ஆக்சஸ் பாயின்ட் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ப்ளூடூத் வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுகிறவர்களில் பாதிப்பேர் இந்தப் படியைத் தவறவிட்டவர்கள்.

டேட்டா எங்கே போகிறது

எந்த வழியில் சேர்ந்தாலும் லேப்டாப்பின் பசி போனின் பசியைவிடப் பல மடங்கு. போனில் 1.5 ஜிபி ஒரு நாளைக்கு மிஞ்சும். லேப்டாப்பில் மதியத்துக்குள் தீரும். ஜூம் மீட்டிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இருவர் மட்டும் பேசும் வீடியோவுக்கு ஏற 600 கேபிபிஎஸ், இறங்க 600 கேபிபிஎஸ் வேண்டும். கூட்டினால் 1,200 கிலோபிட்; எட்டு பிட் ஒரு பைட் என்பதால் வினாடிக்கு 150 கிலோபைட், மணிக்கு 540 எம்பி. 720பி தரத்துக்குப் போனால் இரட்டிப்பாகி 1 ஜிபியைத் தாண்டும். வீடியோவை அணைத்துவிட்டுக் குரல் மட்டும் என்றால் 60 முதல் 80 கேபிபிஎஸ்தான். பேக் தீர்ந்த பிறகு கிடைக்கும் 64 கேபிபிஎஸ் வேகத்தில் அந்தக் குரல்கூடத் தட்டுத்தடுமாறித்தான் போகும். ஆகவே 'தீர்ந்தால் மெதுவாக வரும், சமாளிக்கலாம்' என்பது லேப்டாப் விஷயத்தில் பலிக்காது. நள்ளிரவு தாண்டி அடுத்த நாள் டேட்டா வரும் வரை காத்திருக்க வேண்டும், இல்லையேல் கூடுதல் பேக் போட வேண்டும்.

விண்டோஸில் மீட்டர்ட் கனெக்‌ஷன் என்ற சுவிட்ச் கட்டாயம். வைஃபை பகுதியில் ஹாட்ஸ்பாட்டின் ப்ராப்பர்ட்டீஸுக்குள் இருக்கும். அதைப் போட்டால் பெரும்பாலான விண்டோஸ் அப்டேட்கள் காத்திருக்கும், ஒன்டிரைவ் ஒத்திசைவு நிற்கும். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஹாட்ஸ்பாட்டுக்கு ஒருமுறை போட்டுவிட்டோமே என்று இருப்பார்கள். கேபிளுக்கு மாறும் நாளில் விண்டோஸ் அதை ஈதர்நெட் என்று பார்க்கும். வீட்டு பிராட்பேண்ட் வந்துவிட்டது என்று நினைத்து மூட்டை மூட்டையாக இறக்கத் தொடங்கும். ஈதர்நெட் பகுதியிலும் தனியாக அதைப் போட வேண்டும். சில போன்கள் ஒவ்வொரு முறை செருகும்போதும் புது நெட்வொர்க்காகத் தெரியும். அப்படிப்பட்ட போன் என்றால் ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. மேக்கில் இதே வேலையை லோ டேட்டா மோட் செய்யும்.

ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழைய விபிஎன் தேவைப்படுகிறவர்கள் அதை லேப்டாப்பிலேயே போட வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் விபிஎன் போட்டுவிட்டு ஹாட்ஸ்பாட் கொடுத்தால் லேப்டாப்பின் போக்குவரத்து பொதுவாக அதன் வழியே போகாது. போனில் பூட்டுச் சின்னம் தெரிகிறதே என்று லேப்டாப்பும் பத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது.

நடுவில் கால் வந்தால்

மீட்டிங் சரியாக ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று மொத்தமாக அறுந்து, இரண்டு நிமிடம் கழித்துத் தானாக வருகிறதா? அந்த நேரத்தில் போனில் கால் வந்ததா என்று பாருங்கள். இரண்டு சிம் போட்ட பெரும்பாலான போன்களில் டேட்டா ஒரு சிம்மிலும் கால் இன்னொரு சிம்மிலும் வந்தால், பேசி முடிக்கும் வரை டேட்டா நின்றுவிடும். காலின்போது டேட்டாவை மற்ற சிம்முக்கு மாற்றும் தேர்வு புதிய போன்களில் இருக்கிறது. ஐபோனில் அதன் பெயர் அலோ செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங். அதைப் போட்டால் இணைப்பு அறாது, ஆனால் டேட்டா மற்ற சிம்மின் பேக்கிலிருந்து போகும். முக்கியமான மீட்டிங் என்றால் அந்த ஒரு மணி நேரம் இரண்டாவது சிம்மை செட்டிங்ஸில் அணைத்துவிடுவதே நல்லது. டேட்டா சிம்மிலேயே கால் வந்தால் வோல்டிஇ (4ஜியிலேயே கால் பேசும் வசதி) ஆன் ஆகியிருக்கும் வரை சிக்கலில்லை. அது அணைந்திருந்தால் காலுக்காகப் போன் பழைய நெட்வொர்க்குக்கு இறங்கி நெட்டை அறுத்துவிடும்.

தனிப்பெட்டி வாங்கலாமா

ஜியோஃபை போன்ற கைக்கடக்கமான ஹாட்ஸ்பாட் பெட்டி, யூஎஸ்பி டாங்கிள், சிம் போடும் வசதியுள்ள லேப்டாப் என்று வேறு வழிகளும் உண்டு. மாதத்தில் இரண்டு மூன்று நாள் வெளியே போகிறவருக்கு இவை வீண் செலவு. இன்னொரு சிம், இன்னொரு ரீசார்ஜ், இன்னொரு சார்ஜர். ஜியோஃபை 4ஜி மட்டுமே. உங்கள் போன் 5ஜி என்றால் காசு கொடுத்து மெதுவான நெட்டை வாங்குகிறீர்கள். வாரத்தில் நான்கு நாள் ஊர் ஊராகப் போகும் ஆடிட்டர், சைட் இன்ஜினியர் போன்றவர்களுக்கு மட்டும் இது பொருந்தும். அவர்களும் போனில் இல்லாத வேறு நிறுவனத்தின் சிம்மைப் பெட்டியில் போட வேண்டும். ஒரே நிறுவனம் என்றால் டவர் இல்லாத இடத்தில் இரண்டும் சேர்ந்தே செத்துவிடும். உண்மையில் இந்த லாபத்தைப் போனின் இரண்டாவது சிம் இடத்திலேயே பெறலாம். வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றை அங்கே வைத்து, தேவைப்படும் ஊரில் அன்றைக்கு மட்டும் டேட்டா பேக் போட்டுக்கொண்டால் போதும்.

ரயில் நிலையங்களில் ரயில்வேயின் ரயில்டெல் நிறுவனம் தரும் ரயில்வயர் வைஃபை முதல் அரை மணி நேரம் இலவசம். போன் நம்பருக்கு ஓடிபி வரும், அதைக் கொடுத்து நுழையலாம். வண்டிக்குக் காத்திருக்கும்போது பெரிய கோப்பு ஒன்றை இறக்கிக்கொள்ள இது உதவும். பணம் சம்பந்தப்பட்ட வேலைக்கு மட்டும் சொந்த டேட்டாவுக்கு மாறிவிடுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டு ரவுட்டரை அணைத்துவிட்டு மூன்று வழியிலும் ஒருமுறை லேப்டாப்பைச் சேர்த்துப் பாருங்கள். டிரைவர் ஏதாவது குறைந்தால் ரவுட்டரைத் திரும்பப் போட்டு இறக்கிக்கொள்ளலாம். மீட்டர்ட் சுவிட்சை வைஃபையிலும் ஈதர்நெட்டிலும் அப்போதே போட்டுவிடுங்கள். எந்தக் கேபிளில் டேட்டா போகிறதோ அதன் ஒரு முனையில் சிவப்பு நூலைக் கட்டி லேப்டாப் பைக்குள் போட்டுவிடுங்கள். அதை வேறு யாரும் சார்ஜுக்கு எடுக்க வேண்டாம்.